புள்ளிக்கோடு அண்ணாச்சியும் அறுநூறு எமகண்டமும்

அறுநூறு கல்யாணப் பத்திரிகைகளில் எமகண்டத்தை அச்சடித்தவன் நான். அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த அச்சகத்தில் பிழை திருத்துவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனும் நான்தான். கணினியில் இரண்டே இரண்டு குறிகளைத் தட்டச் சோம்பல்பட்டதால் வந்த வினை அது. அந்த இரண்டு குறிகளுக்காக என்னை ஏழு மாதம் இடைவிடாமல் ஏசிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம். எழுத உட்கார்ந்ததுமே கோபம் வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல். மிச்சம் ஏதாவது இருந்தால் எங்கள் முதலாளிக்கு.

தென்காசி மாவட்டத்தில் ஒரு புள்ளிக்கும் ஒரு சாய்கோட்டுக்கும் இவ்வளவு கோபப்பட்ட மனிதர் இதுவரை பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் வேண்டாம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, வேறெங்கும் இல்லை. சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் எங்கள் அச்சகத்துக்கு வருகிற தாள் வண்டிக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் புள்ளிக்கோடு அண்ணாச்சி.

அவர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வைரஸ் எங்கள் கணினிகளுக்குள் புகுந்து, ஒரு ஆவணி மாதத்துப் பத்திரிகைகளை முழுதாகத் தின்றுவிட்டது. முதலாளி எங்கேயோ விசாரித்து இவரைக் கூட்டி வந்தார். வந்த அன்றே ஐந்து கணினிகளையும் துடைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினார். மறுநாள் ஐந்து மவுஸ்களையும் கழற்றி, வாலைப் பிடித்து வாசல் சன்னலில் வரிசையாகத் தொங்கவிட்டார். கண் திருஷ்டிக்கு ஏதோ புதுமுறை என்று நினைத்து, எதிரிலிருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒன்று விலைக்குக் கேட்டார்.

"கைய வச்சு சுட்டிக் காட்டுதது பச்சப்பிள்ள வேலைவே," என்றார் அண்ணாச்சி. "வாய் இருக்குல்லா. வேணும்ங்கறதச் சொல்லிக் கேளும்."

கேட்பது என்றால், கறுப்புத் திரையில் தட்டச்சு செய்து கேட்பது. அவர் எல்லா வேலைகளையும் ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்தார். அதாவது, கணினி அடுத்தடுத்துச் செய்யவேண்டியதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி, அந்தக் கோப்புக்கு ஒரு பெயரும் வைத்துவிடுவது. பெயரைத் தட்டினால் வேலை நடக்கும். நடக்க வேண்டும். எங்களுக்கு நடக்காது. 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று திரை கைவிரிக்கும். கோப்பு கண்ணெதிரிலேயே இருக்கும்.

பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். விசைப்பலகைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

"புள்ளி, கோடு. புள்ளி, கோடு போடும்வே. உம்ம வீட்டம்மா அடுப்படில இருக்காங்க. நீரு தெருவுல போய் நின்னு ஊரெல்லாம் தேடுனா எப்படி கெடைப்பாங்க? இங்கனயே இருக்குன்னு சொல்லும்."

விஷயம் இதுதான். ஒரு பெயரைச் சொன்னால் எங்கெங்கே போய்த் தேட வேண்டும் என்று கணினியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்குப் பெயர் பாத், அதாவது பாதை. பட்டியலில் உள்ள இடங்களுக்கு வரிசைப்படி போகும். அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதை இழுத்து வந்து ஓடவிடும். நாம் உட்கார்ந்திருக்கும் இடம், அதாவது அப்போது வேலை செய்யும் கோப்புறை, அந்தப் பட்டியலில் கிடையாது. ஆகவே நம் காலடியில் இருப்பது அதன் கண்ணில் படாது. 'இங்கேயே இருக்கிறது பார்' என்று சொல்வதற்குத்தான் முதலில் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு.

"இங்கனயும் பாத்தா என்ன அண்ணாச்சி, குறைஞ்சா போயிரும்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கொறையாது. கெட்டுப் போவும். நம்ம ஊர்ல தெருவுக்கு எட்டு கோமதி. நீரு கோமதின்னு கூப்பிடுதீரு. பட்டியல்ல உள்ள கோமதி வந்தா வேலை நடக்கும். உம்ம ரூமுக்குள்ள எவளோ ஒரு கோமதி இருந்து, அவ முந்தி எந்திரிச்சு வந்துட்டா? இதெல்லாம் உமக்கு எங்க வெளங்கப் போவுது. பிழை திருத்தும், போம்."

விலாசம் விஷயத்தில் அவர் வீட்டையும் விடவில்லை, வீதியையும் விடவில்லை. கூரியர் சீட்டில் இந்தியா என்று தொடங்கி, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு என்று இறங்கி, கடைசியில்தான் ஆள் பெயரை எழுதுவார். கூரியர்க்காரர் தலைகீழாக இருக்கிறது என்றால், உலகமே உங்களுக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது என்று சண்டைக்குப் போவார். அவர் மனைவி போனில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "அச்சாபீஸ்" என்று சொல்லமாட்டார். "சங்கரன்கோவில், திருவேங்கடம் ரோடு, அச்சாபீஸ், ரெண்டாவது ரூமு, சன்னலோரம்" என்பார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், "காணாமல் போன குழந்தை இங்கே இருக்கிறது, உடனே வரவும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னவரிடம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "இங்கன்னா எங்கனவே? பெத்தவ எந்த இங்கனக்கு வருவா?" என்று மைக்கைப் பிடுங்கினார். குழந்தை பயந்து போய் இன்னும் பெரிதாக அழுதது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தாய் வந்து சேர்ந்தாள். முழு விலாசம் சொன்னதால்தான் வந்தாள் என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் கொடுக்க வருகிறவர்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் தாளை நீட்டுவார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ராகு காலம் முடிஞ்சிட்டா அண்ணாச்சி, எமகண்டம் எப்ப?" என்று என்னைத்தான் கேட்பார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நாளுக்கு இருபது பேர். ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கணினியில் டேட் என்று தட்டினால் ஆங்கிலத்தில் தேதி வரும். அதே டேட் என்ற பெயரில் நானும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கிழமை, ராகு காலம், எமகண்டம் மூன்றும் தமிழில் வரும். கல்யாணப் பத்திரிகைக் கோப்புறைக்குள் அதை வைத்தேன். முதல் வரியில் 'இயற்றியவர்' என்று போட்டு என் புனைபெயரையும் எழுதினேன். வாரப் பத்திரிகையில் பெயர் வந்து பழகியவனுக்கு அந்த நோய் எங்கே போகும்.

நன்றாக வேலை செய்தது. ஊழியர்கள் எல்லோரும் அதையே பார்க்கத் தொடங்கினார்கள். சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரே குறை, முன்னால் புள்ளியும் கோடும் போட வேண்டியிருந்தது. நான் மறப்பேன். ஆங்கிலத் தேதி வரும். பக்கத்து அறையிலிருந்து ஏச்சும் வரும். வாடிக்கையாளர் முன்னால் ஐம்பது வயது மனிதன் ஒரு புள்ளிக்காக எத்தனை நாள் ஏச்சு வாங்குவது? அச்சகக் கணினிகளுக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர்தான்; ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஒருநாள் மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, கணினியின் அந்தப் பட்டியலைத் திறந்து, எல்லா இடங்களுக்கும் முதலில் ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்தேன். அதாவது, எதைத் தேடினாலும் முதலில் உட்கார்ந்த இடத்திலேயே தேடு.

உடனே டேட் என்று தட்டிப் பார்த்தேன். கணினி உறைந்துபோனது. விசிறி மட்டும் கத்தியது. என்னவென்று புரியச் சற்று நேரம் ஆனது. என் டேட், கிழமை தெரிந்துகொள்ள அசல் டேட்டைக் கூப்பிடும். இப்போது கூப்பிட்டதும் அதுவே எழுந்து வந்தது. வந்தது மறுபடி டேட்டைக் கூப்பிட்டது. சாப்பிட்டு வந்த அண்ணாச்சியிடம், என்ன செய்தேன் என்று சொல்லாமல், "ஒண்ணைக் கூப்பிட்டா அதே மறுபடி வந்து நிக்குது, என்ன செய்ய?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"முழு விலாசம் எழுதும்வே. இந்த ஊரு, இந்தத் தெரு, இந்த வீட்டு ஆளுன்னு எழுதிட்டா எவன் இடையில வருவான்?" என்றார். கை கழுவின ஈரத்தோடு மேசையில் ஒரு தட்டும் தட்டினார்.

என் ஸ்கிரிப்டுக்குள் அசல் டேட்டின் முழு விலாசத்தை அப்படியே எழுதினேன். சரியாகிவிட்டது. மூன்று வாரம் ஒரு ஏச்சு இல்லை. என் வாழ்க்கையின் நிம்மதியான நாட்களில் அவற்றையும் சேர்க்க வேண்டும்.

நான்காவது வாரம், ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் ஊருக்குள் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர், பெண்ணின் அப்பா. இன்னொருவர் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர், மாப்பிள்ளையின் தாய்மாமன். தாய்மாமன் கையில் ஒரு பத்திரிகை, மறுகையில் பூதக்கண்ணாடி.

"எம்பேரு எத்தனாவது வரியில வருதுன்னு பாக்கத்தான் கண்ணாடிய எடுத்தேன்," என்றார். "அது சரியா இருக்கு. பின்பக்கம் அடியில இது என்னவே?"

அச்சான வேலை எண்ணும் தேதியும் பொடி எழுத்தில் பின்பக்க மூலையில் விழுவது எங்கள் வழக்கம். நான் பிழை திருத்தி முடித்த பிறகு, அண்ணாச்சியின் ஸ்கிரிப்ட் அதைத் தானாகச் சேர்க்கும். எறும்பு அளவு இருக்கும், யாரும் படித்ததில்லை. கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வேலை எண் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில், 'வெள்ளி. ராகு 10.30–12. எமகண்டம் 3–4.30.'

தேதிக்காக அண்ணாச்சியின் ஸ்கிரிப்ட் டேட்டைக் கூப்பிட, என் டேட் எழுந்து போயிருக்கிறது. இது யார் கைவேலை என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

"எங்கக்கா விடியக்காலைல இருந்து அழுதுக்கிட்டு இருக்கா," என்றார் தாய்மாமன். "எவனோ செய்வினை வச்சிருக்கான், இந்தச் சம்பந்தமே வேண்டாங்கா. நான்தான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்னு வந்திருக்கேன்."

பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "மூணு வருசமாத் தேடி அமைஞ்ச இடம் அண்ணாச்சி. இன்னும் பத்தொன்பது நாளுதான் இருக்கு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதலாளி புள்ளிக்கோட்டைக் கூப்பிட்டார். அண்ணாச்சி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். முகம் சிவந்தது. என் கணினியில் உட்கார்ந்து, அந்த டேட் எங்கிருந்து வருகிறது என்று கணினியிடமே கேட்டார். திரையில் விழுந்த விடை: புள்ளி, கோடு, டேட்.

ஏழு மாதம் அவர் கத்திக்கொண்டிருந்த இரண்டு குறிகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

அந்தக் கோப்பைத் திறந்தார். முதல் வரியில், கொட்டை எழுத்தில், இயற்றியவர் என்று என் புனைபெயர். படித்தார். என்னைப் பார்த்தார். கீழே மீதியையும் வரிவரியாகப் படித்தார். அப்புறம் தன்னுடைய ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தார். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு எழுந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன், கேளும்," என்று தாய்மாமனிடம் கோபமாகவே ஆரம்பித்தார். "உம்ம மண்டில முருகான்னு கூப்பிட்டா எத்தன பேரு திரும்புவான்?"

"நாலு பேரு."

"மூட்ட தூக்குத முருகனக் கூப்பிட்டீரு. டீ கொண்டு வார முருகன் பக்கத்துல நின்னான். அவன் மூட்டையத் தூக்கிக் கீழ போட்டுட்டான். இதுக்கு எவனாவது செய்வினைம்பானா?"

தாய்மாமன் யோசித்தார். "பொண்ணு பேரும் கோமதிதாம்வே. கல்யாணத்தன்னைக்கு வேற கோமதி வந்துர மாட்டாள்ள?"

"முழு விலாசத்த எழுதிக் கூப்பிடும். வரமாட்டா."

தாய்மாமனுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. துண்டு சுற்றுவது நின்றது. நாற்பது பத்திரிகைதான் வெளியே போயிருக்கிறது, அவற்றைத் திரும்ப வாங்கிவிடலாம், இன்றைக்கே அறுநூறும் மறுபடி அடித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. ஆனால் தாய்மாமன் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, இந்தத் தடவையாவது எமகண்டம் இல்லாத நேரத்தில் அடிக்க வேண்டும். எல்லோரும் காலண்டரைப் பார்த்தோம். அது போன மாதத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அந்த முருகனையே கேளும்," என்றார் தாய்மாமன். "ராகு காலம், எமகண்டமெல்லாம் அவன்தானே சொல்லுதான்."

ராகு காலம் என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புகிற அண்ணாச்சி, என் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் பட்டியலில் நான் சேர்த்த புள்ளியை எடுத்தார். பிறகு புள்ளி, கோடு, டேட் என்று என் காது கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். 'திங்கள். ராகு 7.30–9. எமகண்டம் 12–1.30.' பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும். பத்தரைக்கு இயந்திரம் ஓடத் தொடங்கி, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கட்டு வெளியே வந்தது.

இரண்டாவது நிபந்தனை: இதைச் செய்த ஆள் இந்த அச்சகத்தில் இருக்கக் கூடாது. அக்காவிடம் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

"யாருவே செஞ்சது?" என்று முதலாளி எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"என் ஸ்கிரிப்ட்," என்றார் அண்ணாச்சி. "தேதி போடுதது அதுதான். தப்பு அதுலதான் இருக்கு."

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் கையில் திருத்திய அச்சுப்படியோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது: நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஒரு நாள் தாமதமான வீரம். "விடும்வே. ஆளு போனதும் நல்லதுதான்," என்றார். சன்னலில் தொங்கிய மவுஸ்களை அவிழ்த்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இனிமே நிம்மதியா அமுக்கலாம்." அந்தக் கோபத்தில் நானும் அந்த மாதமே வேலையை விட்டேன். முதலாளி அதற்கும் விடும்வே என்றுதான் சொன்னார். அந்தச் சமயத்தில் அச்சான இன்னும் மூன்று கல்யாணப் பத்திரிகைகளிலும் எமகண்டம் இருந்தது. அவர்கள் வீட்டில் யாரிடமும் பூதக்கண்ணாடி இல்லை. நன்றாகத்தான் குடித்தனம் செய்கிறார்கள். அதே வாரம் அடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் வேறு கோப்புறை என்பதால், அவற்றில் தேதி சுத்தமாக விழுந்திருந்தது. செத்தவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அவர் வாசுதேவநல்லூரில் ஒரு இணையச் சேவை மையம் வைத்திருக்கிறார் என்று தெரிந்து பஸ் ஏறினேன். கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ராஜபாளையம் சாலையில் இறங்கினதும் சத்தம் கேட்டது. "ஓடைக்கரைன்னா எந்த ஓடைக்கரைவே? முழு விலாசம் சொல்லும்." பட்டா நகல் கேட்டு வந்த ஒரு விவசாயி மிரண்டுபோய் நின்றிருந்தார்.

கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கேட்டுவிட்டேன். "எம்பேர ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் கோப்பத் தொறந்தேன்," என்றார், தட்டச்சை நிறுத்தாமல். "உம்மதுல முழு விலாசம் எழுதியிருந்தீரு. என்னோடதுல வெறும் டேட்டுன்னு எழுதி வச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் ஏழு மாசம் கத்துனவன் நானு. பொறவு எவன் தப்பு?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வருடமாக நெஞ்சில் சுமந்து வந்த குற்றத்தை, அது உன்னுடையதே இல்லை என்று பிடுங்கிக்கொள்கிறார். "புள்ளிய வச்சது நான்தான் அண்ணாச்சி," என்று கத்தினேன்.

"வச்சீரு. உமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கத்தாதயும், ஆளுக நிக்காங்க."

அப்போதுதான் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்த திரையைக் கவனித்தேன். விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களும் நேரம் கேட்பார்கள்போல. கிழமை, ராகு காலம், எமகண்டம். பக்கத்தில் என் டேட் கோப்பும் திறந்திருந்தது. முதல் வரியில், கொட்டை எழுத்தில், இயற்றியவர் என்று என் புனைபெயர். துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

பஸ் வருகிறது என்று சொல்லி எழுந்தேன். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வே, அதுல திங்கக்கெழமை எமகண்டம் தப்பு. ஞாயித்துக்கெழமைக்குள்ளதப் போட்டிருக்கீரு. திங்களுக்குச் சரியானது பத்தரைல இருந்து பன்னெண்டு. திருத்திட்டேன்."

பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அறுநூறையும் விழுந்தடித்து மறுபடி அச்சடித்த நேரம். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"போன வாரம் அந்தக் கோமதி பிள்ளைக்கு ஆதார் எடுக்க வந்தா. நல்லாத்தான் இருக்கா. இதையும் எங்கயாவது போய்ச் சொல்லிக்கிட்டு நிக்காதயும். பஸ்ஸப் பிடியும்."